தெரிந்த எண்கள் மட்டும்

இந்தியாவில் உங்கள் சொந்த வண்டிக்கு நீங்கள் அடிக்கக் கூடாத நிறம் ஒன்று இருக்கிறது. ஆலிவ் பச்சை. 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 121-ஆவது விதி அது: பாதுகாப்புத் துறையின் வண்டிகளைத் தவிர வேறெந்த வண்டிக்கும் அந்த நிறம் கூடாது. கிளிப்பச்சையில் கார் ஓட்டலாம், ரோஜா நிறத்தில் புல்லட் ஓட்டலாம், யாரும் கேட்க மாட்டார்கள். ராணுவப் பச்சை மட்டும் கூடாது.

விதியின் நோக்கம் நியாயமானது. பச்சை வண்டியைப் பார்த்தால் வாசலில் நிற்கும் காவலாளி கேட்டைத் திறந்துவிடுகிறார். அந்த நம்பிக்கையை யார் வேண்டுமானாலும் பெயின்ட் கடையில் லிட்டர் கணக்கில் வாங்கிவிடக் கூடாது. ஆனால் பிறந்ததே அந்தப் பச்சையில்தான் என்றால் அந்த வண்டியை என்ன செய்வது? 1941 முதல் 1945 வரை அமெரிக்காவில் வில்லிஸ், ஃபோர்டு என்ற இரண்டு கம்பெனிகளும் சேர்ந்து 6 லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகளைச் செய்தன. போர் முடிந்ததும் அவற்றில் பல இந்தியாவிலேயே தங்கிவிட்டன. ராணுவம் கழித்துப்போட்டதை ஏலத்தில் எடுத்தவர்கள் எஸ்டேட்டுக்கும் குவாரிக்கும் தேர்தல் பிரச்சாரத்துக்கும் ஓட்டினார்கள். எண்பது வருஷம் கழித்து அப்படி ஒரு ஜீப்பைப் பழைய நிலைக்குக் கொண்டுவர நினைக்கும் ஒருவர், அதன் உண்மையான நிறத்தை மட்டும் அதற்குத் திருப்பிக் கொடுக்க முடியாது.

அடையாறு இந்திரா நகரில் அப்படிப்பட்ட ஒருவர் இருக்கிறார். பேங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வீட்டுக்குப் பக்கவாட்டில் தகரக் கூரை போட்ட ஷெட்டில் ஒரு ஜீப் நிற்கிறது. கடல் பக்கம் என்பதால் இந்த ஏரியாவில் இரும்பைச் சும்மா விட்டாலே உப்புக்காற்று தின்றுவிடும். அவர் தினமும் சாயங்காலம் ஒரு துணியோடு போய் உட்கார்ந்துவிடுவார். நான் அவரை சார் என்று கூப்பிடுகிறேன், அவர் என்னைத் தம்பி என்கிறார். நான் எழுத்துரு வடிவமைப்பு வேலை செய்பவன் என்று யாரோ சொல்லிவிட, "தம்பி, ஸ்டென்சில் வெட்டித் தருவியா?" என்று கேட்டார். வண்டியில் நான் தொட்டது அவ்வளவுதான். அதன் மேல் எழுதப்பட வேண்டிய எழுத்து.

*

ராணுவ வண்டி என்றதும் நமக்கெல்லாம் ஒரு எழுத்து கண்முன் வரும். கனமாக, கால்களில் முட்டு வைத்து, நடுவில் வெட்டு விழுந்த எழுத்து. ஆக்‌ஷன் பட போஸ்டரிலும், பாண்டி பஜாரில் தொங்கும் டீ சர்ட்டிலும் இருக்குமே, அது. அந்த எழுத்துருவின் பெயரே 'ஸ்டென்சில்'தான். 1937-இல் அமெரிக்காவில் இரண்டு அச்செழுத்துக் கம்பெனிகள் சில வார இடைவெளியில் ஒரே பெயரில் ஆளுக்கொரு வடிவத்தை வெளியிட்டன. வண்டிகளில் நிஜமாக இருந்தது பெரும்பாலும் அது இல்லை. அலங்காரமே இல்லாத, ஒரே தடிமன் உள்ள கட்டை எழுத்துதான். சார் முதலில் எனக்குக் காட்டிய மாதிரிப் படத்தில் இருந்தது போஸ்டர் எழுத்து. அதைத் தள்ளிவைக்கவே அவருக்கு ஒரு வாரம் ஆனது.

ஸ்டென்சில் நமக்குப் புதிதில்லை. மார்கழியில் வாசலில் வைத்துத் தேய்க்கும் கோல அச்சு ஸ்டென்சில்தான். அரிசி மூட்டையின் மேல் மில் பெயர், ரயில் பெட்டியின் ஓரத்தில் எடைக் கணக்கு, தேர்தல் சுவரில் சின்னம், எல்லாமே வெட்டிய தகட்டின் வழியாக வந்தவை. யார் கையில் கொடுத்தாலும் ஒரே மாதிரி வரும் என்பதுதான் அதன் முழு அர்த்தமும். கையெழுத்து நன்றாக இருக்க வேண்டியதில்லை. எழுதுகிறவருக்கு அந்த மொழி தெரிந்திருக்கக்கூட வேண்டியதில்லை.

அதனால்தான் அப்பாவுக்கு அது பிடிக்காது. அப்பா போர்டு பெயின்டர். ஃப்ளெக்ஸ் வருவதற்கு முன்னால் கடைப் பலகை, லாரியின் பின்பக்கம், பள்ளிக்கூடச் சுவர் என்று எழுதிக்கொண்டிருந்தவர். நூல் அடித்து, சாக்பீஸில் அளந்து, ஒரே இழுப்பில் எழுதுவார். நான் வெட்டிய தகட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, "இது என்னடா, பல்லு விழுந்த கிழவன் மாதிரி?" என்றார்.

அந்த 'விழுந்த பல்'தான் ஸ்டென்சிலின் இலக்கணம். ஒரு சுழியத்தைத் தகட்டில் முழு வட்டமாக வெட்டினால் நடுவில் இருக்கும் முட்டை கீழே விழுந்துவிடும். அது விழாமல் இருக்க மேலேயும் கீழேயும் ஒரு சின்னப் பட்டையை வெட்டாமல் விட வேண்டும். அந்தப் பட்டைக்குப் பாலம் என்று பெயர். தகட்டில் அது பாலம், வண்டியில் அது இடைவெளி. 1, 2, 3, 5, 7 ஆகியவற்றுக்குப் பாலம் வேண்டாம். 0, 4, 6, 8, 9-க்கு வேண்டும். தமிழில் வெட்டிப் பார்த்தால் இன்னும் வேடிக்கை. 'பட்டம்' என்று எழுதினால் கடைசி ம்-முக்கு மட்டும் பாலம் போதும். 'வெண்ணெய்' என்று எழுதினால் தகடு முழுக்கப் பாலம்தான்.

போர்டு பெயின்டர்கள் ஸ்டென்சில் அடித்தாலும் பிறகு பிரஷ்ஷால் அந்த இடைவெளியை அடைத்துவிடுவார்கள். ராணுவத்தில் அதற்கு நேரம் இல்லை, பெரும்பாலும் அப்படியே விட்டார்கள். 1942 முதல் அமெரிக்க வண்டிகளில் வந்த வெள்ளை நட்சத்திரத்துக்கு 1943-இல், சிசிலித் தீவில் இறங்குவதற்கு முன்னால், சுற்றி ஒரு வட்டம் சேர்த்தார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் வெறும் நட்சத்திரம் ஜெர்மன் சிலுவை மாதிரித் தெரிந்ததாம். அந்தக் காலப் புகைப்படங்களில் பல வட்டங்கள் துண்டு துண்டாக இருக்கும். தகட்டின் பாலங்கள் அவை. சொந்த விமானமே நம் வண்டி மேல் குண்டு போடாமல் இருக்க அவசரமாக அடித்த வட்டம். அதில் யாரும் பிரஷ் எடுத்து அழகு பார்த்திருக்க மாட்டார்கள்.

*

சார் கேட்டது அந்த நட்சத்திரத்தைத்தான். பானட்டில் பெரிதாக, வட்டத்தோடு. "படத்துலல்லாம் அப்படித்தானப்பா வருது" என்றார். நான் வெட்டித் தரத் தயார்தான். அதற்குள் டிங்கர் வேலை செய்யும் அண்ணன் ஒருநாள் போன் செய்து, "எழுத்து மாதிரி என்னமோ தெரியுது, வந்து பாரு" என்றார்.

பழைய வண்டியின் பெயின்ட்டை வாட்டர் பேப்பரால் மெதுவாகத் தேய்த்தால் மரத்தின் வளையம் மாதிரி ஒவ்வொரு காலமாக வரும். மேலே சிவப்பு. அதற்கடியில் மஞ்சள், யாரோ கான்ட்ராக்டர் ஓட்டியிருக்க வேண்டும். அதற்கடியில் சாம்பல். அதற்கும் கீழே, பட்டியும் பிரைமரும் படாமல் தப்பிய இடங்களில், பச்சை. பானட்டின் பக்கவாட்டில் அந்தப் பச்சையின் மேல் வெள்ளையின் சாயல். முதலில் ஓர் 'எம்'. அதன் பிறகு எண்கள். ஒரு சுழியத்தின் மேலும் கீழும் சின்ன இடைவெளி இருந்தது. கையால் எழுதியதில்லை, தகடு வைத்து அடித்தது.

'எம்' என்ற ஒற்றை எழுத்து நிறையச் சொல்லியது. அமெரிக்கப் படையின் ஜீப்புகளில் பானட்டின் மேல் இருந்த எண் 20 என்று தொடங்கும். பிரிட்டிஷ் முறையில் எண்ணுக்கு முன்னால் வண்டியின் வகையைக் குறிக்கும் எழுத்து வரும்: லாரிக்கு எல், மோட்டார் சைக்கிளுக்கு சி, டாங்கிக்கு டி, காருக்கு எம். ஜீப் அந்தக் கணக்கில் கார். அப்படியென்றால் இது அமெரிக்கச் சிப்பாய் ஓட்டிய வண்டி இல்லை. அமெரிக்காவில் செய்து, பிரிட்டிஷ் கணக்கில் சேர்ந்து, இந்தப் பக்கம் வந்தது. ஓட்டியவர் இந்தியராகவே இருந்திருக்கலாம்.

முன் சக்கரத்துக்கு மேலே இன்னொரு எழுத்து பாதி கிடைத்தது. டி.பி. என்று இருந்தது, டயர் பிரஷர். அதற்குக் கீழே 35 இருந்திருக்க வேண்டும், ஜீப்புக்கு அதுதான் அளவு. இதைப் பார்த்ததும் எனக்கு ஒன்று பிடிபட்டது. இந்த எழுத்துகள் யாரையும் பயமுறுத்துவதற்காக எழுதப்பட்டவை இல்லை. வண்டியை முன்பின் பார்த்தே இராத ஒருவரோடு பேசுவதற்காக எழுதப்பட்டவை. நேற்று ஓட்டியவர் இன்று இல்லை. இன்று சாவியைப் பிடிப்பவருக்கு டயரில் எவ்வளவு காற்று என்று வண்டியே சொல்ல வேண்டும்.

இதே மாதிரிதான் முன்பக்கத்தில் மஞ்சள் வட்டமும் அதில் கறுப்பில் ஓர் எண்ணும். அது வண்டியின் பாரக் கணக்கு. ஆற்றின் மேல் பாலம் போடும் படைப்பிரிவு பாலத்தின் முனையில் அதே மாதிரி ஓர் எண்ணை நட்டிருக்கும். வண்டியின் எண் பாலத்தின் எண்ணைவிடக் கூடுதலாக இருந்தால் ஏறாதே. ஆங்கிலம் தேவையில்லை, எந்த மொழியும் தேவையில்லை. இரண்டு எண்ணை ஒப்பிடத் தெரிந்தால் போதும். இரண்டாம் உலகப் போரில் பர்மாவிலும் இத்தாலியிலும் அப்படிப் பாலம் போட்டவர்களில் மெட்ராஸ் சாப்பர்ஸ் உண்டு. ராணுவத்தில் அவர்களுக்கு இன்றைக்கும் செல்லப் பெயர் 'தம்பி'. இதைச் சொன்னபோது சார், "அப்ப நான் உன்ன சரியாத்தான் கூப்பிட்டுட்டு இருக்கேன்" என்றார்.

படைப்பிரிவின் சின்னம் ஒன்றும் இருந்திருக்கும். எதிரிக்குப் பிரிவின் பெயர் தெரியக் கூடாது என்பதற்காகப் பெயருக்குப் பதில் படம் போடுவார்கள். 4-ஆவது இந்திய டிவிஷனுக்குச் சிவப்புக் கழுகு, 17-ஆவதுக்குக் கறுப்புப் பூனை, 1942-இல் தென்னிந்தியாவில் உருவான 25-ஆவதுக்கு இஸ்பேட் ஆஸ். எங்கள் வண்டியில் அந்த இடத்தில் இருந்தது ஓட்டையும் வெல்டிங்கும்தான். இஸ்பேட் போடலாம், நம்ம ஊர் டிவிஷன் மாதிரி, என்று எனக்கே ஆசை வந்தது. ஆனால் அதற்கு ஆதாரம் எங்கள் ஆசை மட்டும்தான்.

*

எண்ணில்தான் சிக்கல் வந்தது. ஏழு இலக்கத்தில் நான்குதான் தெளிவாகக் கிடைத்தன. மூன்று இடம் வெறும் கறை.

பழைய வண்டிக்காரர்கள் சேசிஸ் எண்ணை வைத்துத் தேடுவார்கள். வில்லிஸில் அது முன்பக்கச் சட்டத்தின் உள்ளே ஆணி அடித்த ஒரு தகட்டில் இருக்கும். எங்கள் வண்டியில் ஆணி அடித்த ஓட்டை மட்டும் இருந்தது, தகடு எப்போதோ போய்விட்டது. என்ஜினும் மாற்றப்பட்ட டீசல் என்ஜின். இந்த நாட்டில் எண்பது வருஷம் உழைத்த வண்டி அப்படித்தான் இருக்கும்.

சாருக்கு இது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. "மூணு நம்பர்தானே, நாமளே போட்டுக்கலாம். கூட்டுத்தொகை அஞ்சு வர்ற மாதிரி பாத்துக்கோ" என்றார். ஆர்.டி.ஓ. ஆபீஸில் ஃபேன்ஸி நம்பருக்குப் பணம் கட்டும் ஊர் இது. அவர் கேட்டதில் தப்பும் இல்லை. நம்பர் பிளேட்டில் டி.என். 07 என்று இப்போதைய பதிவெண் இருக்கிறது, சட்டத்துக்கு அது போதும். பானட்டில் இருப்பது அலங்காரம். நானும் 0 முதல் 9 வரை எல்லா இலக்கத்தையும் பழைய எக்ஸ்ரே ஃபிலிமில் வெட்டிவைத்தேன். எக்ஸ்ரே ஃபிலிம் மடங்காது, தின்னர் பட்டாலும் தாங்கும், கழுவித் திரும்ப வைக்கலாம். பச்சை அடித்த அட்டையில் வெள்ளையை ஒற்றிப் பார்த்து, மொட்டை மாடியில் காயவைத்திருந்தேன்.

எங்கள் மேல் வீட்டு அக்கா துணி எடுக்க வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். யாழ்ப்பாணத்துக்காரர். இங்கே வந்து பல வருஷமாகிறது.

"இதென்ன, ஆமி நம்பரே?" என்று கேட்டார்.

பழைய ஜீப்புக்கு என்று சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "எங்கட ரோட்டால ஆமி ட்ரக் போனா அம்மா கதவைப் பூட்டிப்போட்டு யன்னலால நம்பரைப் பாப்பா. பாத்துக் கலண்டர்ப் பின்பக்கத்தில எழுதிவைப்பா. என்னத்துக்கு அம்மா எண்டு கேட்டா, ஆரையும் ஏத்திக்கொண்டு போனா நம்பராவது சொல்லலாமெல்லோ எண்டுவா. ரெண்டு ஆமியின்ர நம்பரும் அந்தக் கலண்டரில இருந்தது."

இரண்டு ஆமி என்றால் ஒன்று இலங்கையுடையது, இன்னொன்று நம்முடையது. 1987 ஜூலை முதல் 1990 மார்ச் வரை இந்திய அமைதிப் படை அங்கே இருந்தது. அந்த வண்டிகளின் எண்கள் மேல்நோக்கிய ஓர் அம்புக்குறியோடு இருந்திருக்கும். நம் ராணுவ வண்டியின் பதிவெண்ணில் இன்றைக்கும் அந்த அம்பு உண்டு, பிறகு வண்டி வாங்கிய வருஷத்தின் இரண்டு இலக்கம், ஓர் எழுத்து, வரிசை எண். அரசாங்கச் சொத்து என்று காட்ட பிரிட்டிஷார் போட்ட அம்பு அது. அந்த அம்மா அதையும் வரைந்து வைத்தாரா என்று கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை.

அக்கா துணிகளை மடித்துக்கொண்டே சொன்னார்: "பிறகு வெள்ளை வான் வந்தது. அதுக்கு நம்பரே இல்லை. அம்மாவுக்கு எழுத ஒண்டும் இல்லை."

*

அன்றைக்கு இரவு நான் அந்த அட்டையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எழுத்து வேலை செய்பவனுக்கு எழுத்தின் அழகு தெரியும், காலம் தெரியும், எந்த நாட்டு வடிவம் என்று தெரியும். ஜன்னலுக்கு உள்ளேயிருந்து ஒருவர் அதை எப்படிப் படிப்பார் என்று தெரியாது. டயரில் காற்று எவ்வளவு என்று அடுத்த டிரைவருக்குச் சொல்ல எழுதிய அதே வகை எழுத்து, கதவைப் பூட்டிய ஒரு வீட்டுக்கும் ஏதோ சொல்லியிருக்கிறது. வண்டிமேல் எண் இருக்கிறது என்றால் அந்த வண்டி எங்கோ ஒரு கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது. அந்தப் புத்தகத்தை வைத்திருப்பவர் பதில் சொல்லாமல் போகலாம். ஆனால் கேள்வி கேட்க ஒரு முனையாவது கையில் இருக்கிறது. எண் இல்லாத வண்டி அந்த முனையையும் எடுத்துக்கொண்டு போய்விடுகிறது.

அப்படியானால் இல்லாத மூன்று இலக்கத்தை நாமே போடுவது வெறும் அலங்காரம் இல்லை. ஓடாத ஒரு வண்டிக்கு, அல்லது வேறு எங்கோ ஓடிய ஒரு வண்டிக்கு, நாம் பொய்யாக ஒரு கணக்கு எழுதுகிறோம். அந்த எண்ணை நிஜமாகவே சுமந்த இன்னொரு ஜீப் இருந்திருக்கும்.

மறுநாள் சாரிடம் சொன்னேன். கலண்டர் விஷயத்தையும் சொன்னேன். அவர் துணியை மடித்து பானட்டில் வைத்துவிட்டு ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "தெரிஞ்சத மட்டும் எழுதுப்பா" என்றார். நட்சத்திரத்தைப் பற்றி அவர் மறுபடி பேசவே இல்லை.

நிறத்துக்கும் ஒரு வழி கிடைத்தது. 1942 முதல் 1944 வரை பிரிட்டனில் ராணுவ வண்டிகளுக்குப் பச்சைக்குப் பதில் பழுப்பு அடித்தார்கள், பச்சைக்குத் தேவையான நிறமிப்பொருளுக்குத் தட்டுப்பாடு. அமெரிக்காவிலிருந்து வந்த ஜீப்புகள் பெரும்பாலும் வந்த பச்சையிலேயே ஓடின. அதனால் பழுப்பு இந்த வண்டியின் சொந்த நிறம் என்று சொல்ல முடியாது, ஆனால் அது சேர்ந்திருந்த படையின் நிறம். 121-ஆவது விதிக்கும் ஒத்துவரும். அப்பாதான் கலந்து கொடுத்தார், பளபளப்பு இல்லாமல், நல்ல காபிப்பொடி நிறத்தில். பானட்டின் உள்பக்கம் ஒரு கையகலத்துக்குப் பழைய பச்சையை அப்படியே விட்டு மேலே கிளியர் மட்டும் அடித்தோம். சட்டத்துக்கு வெளியே ஒரு நிறம், வண்டிக்கு உள்ளே.

எண்ணை அடித்ததும் அப்பாதான். ஸ்டென்சிலில் பிரஷ்ஷை இழுக்கக் கூடாது, பெயின்ட் தகட்டுக்கு அடியில் போய்விடும். கட்டையான பிரஷ்ஷைத் துணியில் துடைத்து, ஏறக்குறைய உலர்ந்ததாக வைத்துக்கொண்டு செங்குத்தாகக் குத்த வேண்டும். அப்பாவுக்கு அது புதிது, இரண்டே நிமிடத்தில் கை பழகிவிட்டது. சுழியம் முடிந்ததும் பிரஷ்ஷைத் தூக்கிக்கொண்டு இடைவெளியைப் பார்த்தார். அடைத்துவிடுவார் என்று நினைத்தேன். அடைக்கவில்லை. இல்லாத மூன்று இலக்கத்தின் இடத்தையும் சாக்பீஸில் அளந்து, நூல் அடித்து, தாண்டி எழுதினார்.

"இல்லாத எழுத்துக்கும் இடம் விடணும்டா" என்றார், "அப்பதான் இருக்கறது நிக்கும்."

பழைய வண்டிக் கண்காட்சிக்கு சார் ஜீப்பைக் கொண்டுபோகும்போது அதிகம் பேர் கேட்பது அதைப் பற்றித்தான். பெயின்ட் தீர்ந்துபோச்சா சார், ஸ்டிக்கர் உரிஞ்சிடுச்சா சார், என்று. சிலர் நல்லெண்ணத்தோடு, எண்ணைக் கண்டுபிடிக்கும் வழிகள் சொல்கிறார்கள். சார் எல்லோருக்கும் ஒரே பதில்தான் வைத்திருக்கிறார்.

"மிச்சம் மூணு தெரியல. தெரிஞ்சா எழுதிடுவோம்."